பதின்மூன்று காரணங்களும் ஒற்றைப் பத்தித் தலைப்பும்

வெள்ளவத்தையில் வசிக்கும் என் மகளின் மகள் சென்ற மாதம் ஜிந்துப்பிட்டியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கையோடு ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. அடுத்து வருவது சாதாரண தரப் பரீட்சை. "தாத்தா, இத வாசிச்சிட்டு என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டு அடுக்களைக்குள் பாட்டியைத் தேடிப் போய்விட்டாள்.

ஜே ஆஷர் என்னும் அமெரிக்கர் 2007ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட ‘தேர்ட்டீன் ரீசன்ஸ் வை’ என்ற நாவல் அது. பதின்மூன்று காரணங்கள். பெயரைக் கேட்டதும், நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்து உலகெங்கும் சர்ச்சையைக் கிளப்பிய கதையல்லவா இது என்று நினைவுக்கு வந்தது. ஒரு பதின்வயதுப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டதைப் பற்றிய புத்தகத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அறிந்த எந்தத் தாத்தாவுக்கும் எழக்கூடிய கலக்கம் எனக்கும் எழுந்தது. அந்தக் கலக்கத்தோடுதான் இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தேன்.

கதை இதுதான். ஹன்னா பேக்கர் என்ற மாணவி இறந்து சில நாட்களின் பின், கிளே ஜென்சன் என்ற மாணவனின் வீட்டு வாசலில் ஒரு பொதி கிடக்கிறது. உள்ளே ஏழு கசெட்டுகள். பதின்மூன்று பக்கங்களில் ஹன்னாவின் குரல். தன் முடிவுக்குக் காரணமானவர்கள் என்று அவள் கருதியோரை ஒவ்வொருவராக அவள் பெயர் சொல்லி அழைக்கிறாள். கேட்டு முடித்தவர் அடுத்தவருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது விதி. ஓர் இரவு முழுவதும் ஊரின் தெருக்களில் நடந்தபடி கிளே அதைக் கேட்கிறான்.

எங்கள் தலைமுறைக்குக் கசெட் புதிதன்று. எண்பதுகளில் வெளிநாடு போன பிள்ளைகள் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிவுசெய்து அனுப்பிய வீடுகள் இந்தத் தெருவிலேயே பல இருந்தன. அயலவரும் கூடியிருந்து கேட்பார்கள். கேட்டு முடிந்ததும், அதே கசெட்டின் மறுபக்கத்தில் தாயார் பேசிப் பதிவுசெய்து திருப்பி அனுப்புவார். ஹன்னாவின் கசெட்டுக்கு அப்படி மறுமொழி அனுப்ப எவராலும் முடியாது. நாவலின் பலமும் அதுதான், அபாயமும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவள் சொல்லும் காரணங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், பெரியவர்கள் "இதற்கெல்லாமா?" என்று கேட்கக்கூடியவை சில உண்டு. முதல் முத்தத்தைப் பற்றி ஒரு பையன் பரப்பிய பொய், வகுப்பில் கைமாறிய ஓர் அசிங்கமான பட்டியல் போன்றவை அவ்வகை. அப்படிக் கேட்கவே முடியாத கொடுமைகளும் உண்டு. பாலியல் வன்முறை அவற்றுள் ஒன்று. ஆனால் என்னை நிறுத்திய இடம் இவை இரண்டும் அல்ல. ஒரு வகுப்பில், கலந்துரையாட வேண்டிய விடயம் என்று பெயரிடாத துண்டுச்சீட்டு ஒன்றில் ஹன்னா தற்கொலையைக் குறிப்பிட்டு எழுதிப் போடுகிறாள். ஆசிரியை அதை வாசிக்கிறார். வகுப்பு எரிச்சலடைகிறது. எழுதியவள் கவன ஈர்ப்புக்காகத்தான் எழுதியிருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறது. அவள் அதே அறையில் அமர்ந்திருக்கிறாள். இந்தப் பக்கத்தை எழுதியவர் பாடசாலை வகுப்பறையை நன்கு அறிந்தவர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாவலைச் சுற்றிய சர்ச்சையையும் சொல்லியாக வேண்டும். தொடர் 2017 மார்ச் 31ஆம் திகதி வெளியானது. அதே ஆண்டில், நூலகங்களிலும் பாடசாலைகளிலும் மிக அதிக ஆட்சேபனைக்குள்ளான நூல்களின் பட்டியலில் இந்த நாவலை அமெரிக்க நூலகச் சங்கம் முதலிடத்தில் வைத்தது. நியூசிலாந்தின் தணிக்கை அலுவலகம், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ மட்டுமே பார்க்கலாம் என்று இதற்கெனப் புதிய தரமொன்றையே உண்டாக்கியது. 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, தொடர் வெளியான மறுமாதத்தில் 10 முதல் 17 வயது வரையானோரின் தற்கொலை வீதம் 28.9 வீதம் அதிகரித்திருந்ததாகக் கூறிற்று. கதாநாயகி பெண்ணாயிருக்க, அதிகரிப்போ ஆண் பிள்ளைகளிடையே காணப்பட்டது. ஆகவே தொடரைக் காரணமாகச் சொல்ல முடியுமா என்று வேறு ஆய்வாளர் மறுத்தும் எழுதினர். எப்படியாயினும், அந்த மரணத்தை நேரடியாகக் காட்டிய காட்சியை நிறுவனம் 2019 ஜூலையில் நீக்கிவிட்டது.

இந்த அச்சம் புதியதன்று. 1774இல் கதே எழுதிய ‘இளம் வெர்தரின் துயரங்கள்’ நாவலை மறு ஆண்டே லைப்சிக் நகரம் தடைசெய்தது. கே. பாலசந்தர் 1981இல் இந்தியில் எடுத்த ‘ஏக் துஜே கே லியே’ படத்தின் முடிவு குறித்தும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. நான் தடையை ஆதரிப்பவன் அல்லன். தடைசெய்தால் பேத்தி என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்க மாட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நாவலோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதைச் சொல்வதற்கு முன் என் சொந்தக் கணக்கொன்றைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

1985ஆம் ஆண்டு. நான் அப்போது பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஒருநாள் இரவு, பொலிஸ் செய்திகளைச் சேகரித்துவரும் நிருபர் வழக்கம்போல் ஐந்தாறு துண்டுகளைக் கொண்டுவந்து போட்டார். அதில் ஒன்று எங்கள் பகுதியைச் சேர்ந்த பதினாறு வயதுப் பையனின் மரணம். பரீட்சைப் பெறுபேறு வரவிருந்த நிலையில், தோற்றுவிடுவேனோ என்ற அச்சத்தால் அவன் இம்முடிவுக்கு வந்ததாகப் பொலிஸார் தெரிவித்தனர் என்று எழுதியிருந்தார். அந்தச் செய்திக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஒற்றைப் பத்தி. ஒற்றைப் பத்தித் தலைப்பில் ஒரு வரிக்கு இத்தனை எழுத்துகள்தான் என்ற கணக்கு உண்டு. ‘அச்சம்’ என்ற சொல் அதற்குள் அடங்கவில்லை. ‘பரீட்சையில் தோல்வி: மாணவன் தற்கொலை’ என்று நான் தலைப்பிட்டேன். அது சரியாக அடங்கியது. மறுநாள் அது எனக்கு நினைவில்கூட இல்லை.

மூன்று வாரங்களின் பின் ஒரு மனிதர் காரியாலயத்துக்கு வந்தார். செட்டியார் தெருவில் நகைப்பட்டறையில் வேலை செய்பவர். கைவிரல்களைப் பார்த்தாலே தெரியும். வரவேற்பறையில் நின்றபடி சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதமொன்றை எடுத்து நீட்டினார். பெறுபேற்றுத் தாள். எட்டுப் பாடங்களில் ஏழில் சித்தி. கணிதத்தில் விசேட சித்தி.

"எம் மகன் பெயிலாகல தம்பி. பாஸாயிட்டான். அதையாவது போடுங்க" என்றார்.

அவரை அமரச் செய்து தேநீர் வருவித்தேன். அவர் மெல்லப் பேசினார். 1983 ஜூலையில் அவர்களது வாடகை வீடு எரிந்தது. சில வாரங்கள் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய பின் பையன் பேச்சைக் குறைத்துவிட்டான். இரவில் உறங்குவதில்லை. பட்டறை முதலாளி இந்தியாவுக்குப் போய்விட்டதால் தகப்பனுக்கு ஒரு வருடம் நிரந்தர வேலை இல்லை. மூத்த அக்காவின் திருமணம் நின்றுபோயிற்று. இவற்றையெல்லாம் அவர் ‘காரணங்கள்’ என்று சொல்லவில்லை. என்னிடம் கேட்கவும் வரவில்லை, குற்றம் சாட்டவும் வரவில்லை. பையன் தோற்றவன் என்று ஊர் சொல்கிறது, பத்திரிகையில் வந்ததால் சொல்கிறது, அதை மாற்றவேண்டும் என்பதே அவர் கேட்டது.

நான் செய்தி ஆசிரியரிடம் போனேன். இந்த மாதிரிச் செய்திக்குத் திருத்தம் போட்டால் பழைய புண்ணைக் கிளறியதாகும் என்றார் அவர். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். தகப்பனாரிடம் "பார்க்கிறோம் ஐயா" என்றேன். திருத்தம் வெளிவரவில்லை. நான் இரண்டாம் முறை கேட்கவுமில்லை. நாற்பது ஆண்டுகள் பிந்தி, பத்திரிகையில் அல்லாமல் இந்தப் பக்கத்திலேனும் எழுதுகிறேன்: அந்தப் பையன் பரீட்சையில் சித்தியடைந்திருந்தான்.

அக்காலத்தில் எங்களிடம் நான்கைந்து காரணங்கள் அச்செழுத்துப் பெட்டியிலேயே தயாராக இருந்தன எனலாம். காதல் தோல்வி, பரீட்சைத் தோல்வி, குடும்பத் தகராறு, தீராத வயிற்றுவலி, கடன் தொல்லை. மரண விசாரணை அதிகாரிக்கு ஒரு காரணம் தேவை, பொலிஸாருக்கு ஒன்று தேவை, எங்களுக்கு ஒன்று தேவை. குடும்பத்துக்கு மட்டும் அந்த ஒன்று போதவில்லை. இப்போது இணையச் செய்தித் தளங்களில் ‘தற்கொலை’ என்ற சொல் குறைந்து, ‘தவறான முடிவெடுத்து உயிரிழப்பு’ என்ற தொடர் வந்திருக்கிறது. மாற்றம் என்று மகிழ்ந்து வாசித்தால், அடுத்த வரியிலேயே எப்படி, எங்கே, எதனால் என்று அத்தனையும் இருக்கிறது, படமும் இருக்கிறது. பிள்ளை பரீட்சையில் தவறான விடை எழுதியதைப் போல ‘தவறான முடிவு’ என்று சொல்வதில் என்ன நாகரிகம் இருக்கிறதோ, எனக்கு விளங்கவில்லை.

இதை எப்படி எழுதவேண்டும் என்று தெரியாதிருந்தோம் என்றும் சொல்ல முடியாது. கொழும்பில் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், பிரித்தானிய ஊடக அமைப்பொன்றுடன் சேர்ந்து 2003ஆம் ஆண்டிலேயே தற்கொலைச் செய்திகளை எழுதுவது பற்றி ஒரு கைந்நூலை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஊடக வழிகாட்டியும் 2000ஆம் ஆண்டு முதல் உண்டு. வியன்னா நகரின் நிலத்தடி ரயில்வேயில் நிகழ்ந்த மரணங்களைப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதிவந்த வழக்கத்தை 1987இல் ஆசிரியர்கள் மாற்றிக்கொண்டபோது, அந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. நெருக்கடியிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் பாதுகாப்பளிக்கின்றன என்று 2010இல் அதே ஊர் ஆய்வாளர்களே கண்டறிந்து, மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ நாடகத்தில் வரும் பப்பகேனோவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவன் உயிரை விடத் துணியும்போது மூன்று சிறுவர் வந்து, உன்னிடம் இருக்கும் மணிகளை மறந்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான். எங்கள் பத்திரிகைகளில் மீண்டவர்களின் செய்தி என்று ஒன்றை நான் என் பணிக்காலத்தில் பக்கத்தில் வைத்ததாக நினைவில்லை. மீண்டவர் செய்தியே அல்லர் என்பதுதான் எங்கள் பயிற்சி.

இனி நாவலோடு என் வழக்குக்கு வருகிறேன். ஹன்னாவின் கதையில் மரணம் ஒரு நீதிமன்றமாக இருக்கிறது. அவள் இறந்ததும் எல்லோரும் கேட்கிறார்கள். பொய் சொன்னவன் நடுங்குகிறான், பட்டியல் எழுதியவன் வருந்துகிறான், அவளை நேசித்தவன் அழுகிறான். தீர்ப்புச் சொல்பவளாக அவளே குரலில் இருக்கிறாள். இறந்தவர் எவரும் அப்படி இருப்பதில்லை. தன் மரணத்தின் பின் நடப்பதைப் பார்த்திருக்கலாம் என்ற எண்ணம், காயப்பட்ட ஒரு பிள்ளையின் மனதில் மிக இயல்பாக எழக்கூடியது. அந்த எண்ணத்துக்கு இந்த நாவல் ஏழு கசெட்டுகளில் உருவம் கொடுத்துவிடுகிறது.

இன்னொன்று. நாவலில் முடிவு உறுதியாக, திட்டமிட்டு, பல நாள் ஒலிப்பதிவோடு வருகிறது. எங்கள் தீவின் அனுபவம் வேறு. 1950இல் இலட்சம் பேருக்கு 6 அளவில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம், 1995இல் 47 ஆக உயர்ந்து உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிற்று. பலியானோரில் பெருந்தொகையினர் இளைஞர். கிராமங்களிலும் தோட்டங்களிலும் பயிருக்கு அடிக்கும் நஞ்சு வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1980ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், பூச்சிநாசினிப் பதிவாளர் அலுவலகம் மிகக் கொடிய நஞ்சுகளை 1984இலும், 1995இலும், 1998இலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாகத் தடைசெய்தது. 1997இல் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. 1998இல், உயிர்பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டளவில் வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அந்த இருபது ஆண்டுகளில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த இருபது ஆண்டுகளில் காதல் தோல்வி ஒழிந்ததா? பரீட்சை ஒழிந்ததா? யுத்தம் 2009 வரை நடந்தது. வறுமை இன்றும் இருக்கிறது. நாங்கள் தலைப்புகளில் போட்ட காரணங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டோர் தொகையும் அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது மரணம் மட்டுமே. பிழைத்தெழுந்தவர்களிடம் கேட்டபோது, பலர் அரை மணி நேரம்கூட அதைப்பற்றி யோசித்திருக்கவில்லை என்று தெரியவந்தது. அந்த அரை மணியைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், இப்போது பேரப்பிள்ளைகளையும் கண்டிருப்பார்கள். பதின்மூன்று காரணங்களைச் சங்கிலியாகக் கோத்து, கடைசி வளையத்தில் மரணம் தவிர்க்கமுடியாதது போல நிறுத்தும் கதைக்கு, இந்த நாட்டின் கணக்கே பெரிய மறுப்பு.

ஆயினும் நாவலை முழுவதும் மறுத்துவிட என்னால் முடியாமற்போனதற்கு, என் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் நடந்த ஒன்று காரணம். 2025 ஏப்ரல் இறுதியில் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை மாணவி இறந்தாள். பெயரை நான் எழுதப்போவதில்லை, எழுதியவர்கள் ஏராளம். தங்கள் பிள்ளைக்கு நேர்ந்தது பற்றி முன்பே முறையிட்டிருந்ததாகக் குடும்பத்தினர் கூறினர். மே மாதத்தில் மக்கள் நீதி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். பாராளுமன்றத்தில் பேசப்பட்டது. விசாரணைகள் தொடங்கின. எவர் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றின் வேலை, என்னுடையதன்று. அந்தத் தெருவில் நின்றவர்களில் நானும் ஒருவன். கையில் பதாகை பிடித்த சிறுமிகள் பலர் பாடசாலைச் சீருடையில் நின்றார்கள். அவர்களைப் பார்த்தபோது ஓர் எண்ணம் எனக்குள் வந்து இன்னும் போகவில்லை. இந்தக் கூட்டம், இந்தக் கமெரா, இந்த அமைச்சர்கள், இந்த விசாரணை எல்லாம் ஒரு பிள்ளை இறந்த பின்னரே வந்தன என்பதை இவர்கள் ஒவ்வொருவரும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். உயிரோடிருந்து சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள், இறந்தால் எத்தனை பேர் கேட்பார்கள் என்ற கணக்கை நாங்கள்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஹன்னாவின் கசெட்டுகளை ஜே ஆஷர் கற்பனை செய்தார். அவை கேட்கப்படும் ஊரை அவர் கற்பனை செய்யவில்லை.

நீதி கேட்டது தவறு என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்காவிட்டால் அது இன்னும் பெரிய தவறு. ஆனால் அந்தப் பிள்ளையின் படத்தை அடுத்தடுத்து வெளியிட்டு, அவளுடைய இறுதி நேரத்தை நிமிடம் நிமிடமாக எழுதி, கவிதை எழுதி, காணொளி செய்து பரப்பியதில் நீதிக்கு என்ன பங்கு இருந்தது? அவ்வாறு எழுதியவர்களில் எனக்குப் பழக்கமான இளம் செய்தியாளர் இருவர் இருந்தார்கள். ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "ஐயா, நாங்க போடலன்னா மத்தவங்க போடுவாங்க" என்றார். 1985இல் நானும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஹன்னா கடைசியாகப் போவது ஆலோசனைப் பொறுப்பிலுள்ள போர்ட்டர் என்ற ஆசிரியரிடம். அவர் கெட்டவர் அல்லர். சில கேள்விகள் கேட்கிறார், நடந்ததை மறந்து முன்னே போகலாமே என்ற பொருள்படப் பேசுகிறார், அவள் எழுந்து வெளியேறும்போது பின்னால் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் இங்கு ஒரு பாடசாலையின் ‘ஆலோசனையும் வழிகாட்டலும்’ பிரிவைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பெயர்ப்பலகை இருந்தது, அறை இல்லை. ஆசிரியர்களின் ஓய்வறையில் ஒரு மூலை மேசை. பொறுப்பாசிரியை வாரத்துக்கு முப்பத்திரண்டு பாடவேளை வேறு கற்பித்தார். எந்த ஆசிரியரைப் பற்றி முறையிட வேண்டுமோ, அந்த ஆசிரியர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் அறைக்குள் ஒரு மாணவி போய் வாய் திறப்பாளா? போர்ட்டருக்காவது கதவு மூடிய அறை ஒன்று இருந்தது.

வெளியே சில கதவுகள் உண்டு. 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோ, பணம் எதுவும் பெறாமல் தொண்டர்களைக் கொண்டு கேட்டுவருகிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கமும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கமும் உள்ளன. இவற்றைப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களின் பின் அட்டையில் அச்சிட என்ன செலவாகும்?

தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். அங்கே பரீட்சையில் தவறிய மாணவர் ஒரு வருடம் காத்திராமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதும் துணைத் தேர்வு முறையைக் கொண்டுவந்தார்கள். 1986இல் சென்னையில் ‘சினேகா’ அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இதை விடாமல் வலியுறுத்தியவர்களில் ஒருவர். பிள்ளைக்குத் தைரியம் சொல்வதோடு நில்லாமல், கதவு அடைபட்டுவிட்டது என்ற எண்ணம் வரும் நாளில் இன்னொரு கதவைத் திறந்து வைத்தார்கள். எங்கள் செய்தித்தாள்களோ, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால், புள்ளியோடு பிள்ளைகளின் படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டுப் பழகியவை. பத்து வயதுப் பிள்ளைகள்! படம் வராத பிள்ளை அந்தப் பக்கத்தை எப்படிப் புரட்டியிருக்கும் என்று நான் அப்போது யோசித்ததில்லை.

நாவலின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். கசெட்டுகளைக் கேட்டு முடித்த மறுநாள், பாடசாலை நடைவழியில் கிளே ஸ்கை என்ற மாணவியைக் காண்கிறான். ஒருகாலத்தில் கலகலப்பாயிருந்தவள், இப்போது எவரோடும் சேராமல் ஒதுங்கிப்போய்விட்டவள். முந்தின நாள்வரை அவன் அவளைக் கடந்து போயிருப்பான். இன்று பின்னால் நடந்து போய் அவள் பெயரைச் சொல்லி அழைக்கிறான். அத்துடன் கதை முடிகிறது. பதின்மூன்று காரணங்களையும்விட இந்த ஒரு பக்கம்தான் உயர்ந்தது என்பது என் கருத்து. சர்ச்சை செய்தவர்களில் பலர் இந்தப் பக்கம்வரை வந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க, பேத்தி சனிக்கிழமை வருவாள் என்று காத்திருந்தேன். அவளிடம் ஒன்றைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எங்கள் வீடுகளில் அஞ்சுவார்கள். மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. நேரடியாகக் கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை, கேட்கப்பட்டவர்களுக்குப் பாரம் குறைகிறது என்பதே ஆய்வுகளின் முடிவு. இதைப் பற்றிப் பலமுறை வாசித்தவன் நான். ஆயினும் அவள் வந்து உட்கார்ந்ததும், கதாபாத்திரம், நடை, மொழி என்று கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பேசினேன். பிறகு கேட்டேன்.

"உனக்கு எப்பவாவது இப்பிடித் தோணியிருக்காம்மா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல தாத்தா" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா கணக்கு வகுப்புல மார்க்ஸ மைக்குல வாசிப்பாங்க. நூத்தம்பது பேருக்கு முன்னால. என் பேர் வர்றதுக்கு முந்தி ஒவ்வொரு தடவையும் எனக்கு வயித்தப் புரட்டும். அம்மாகிட்ட சொல்லல" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். "வேற?" என்று கேட்டேன்.

அன்று அவள் பேசி முடிக்க இரவு ஏழரை ஆகிவிட்டது. இடையில் என் மகள் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தாள். பிள்ளை இன்னும் புறப்படவில்லை, பேசிக்கொண்டிருக்கிறாள் என்று மனைவி பதில் சொன்னாள்.